அம்மாவுக்குக் கடல் காட்டியது

சித்தூர்,
12-1-1999

அன்பு மகன் நேசகுமாருக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் உன் அம்மாவும் சுகம். நியூஜெர்சியில் நீயும், பிள்ளைத்தாய்ச்சியான மருமகள் அபிகாயிலும் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறோம். கையெழுத்து கோணியிருப்பதைக் கண்டு பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரசவத்துக்கு அம்மா வருவாளா என்று கேட்டிருந்தாய். "எதும்மேல பறக்கறோம்னு தெரியாம ஏறமாட்டேன். மொதல்ல அந்தக் கடலக் காட்டுங்க" என்று பிடிவாதமாக இருந்தாள். மெட்ராஸில் தலைகள்தான் தெரியும், கடல் தெரியாதாம். ஆகவே புத்தூர், சத்தியவேடு, சூளூர்ப்பேட்டை வழியாகப் போய் ஆளில்லாத கரையில் காட்டலாம் என்று வாடகைக் கார் பிடித்தேன். டிரைவர் ஏழுமலை நல்ல மனிதர். ஆனால் வயதானவர்கள் ஏறினால் திருப்பதிக்குத்தான் என்பது அவர் அனுபவம், நான் வழியை விளக்கிக்கொண்டிருக்கையிலேயே மலையடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "மேல மொட்டையா, வெறும் தரிசனமா சார்?" என்றார். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்கப்பா. புத்தூர் போ" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. வயதானவர்கள் புத்தூர் போவது முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடத்தானே. அதன்பின் மாட்டுவண்டிகூட எங்களை முந்தியது. "ஏம்பா இவ்ளோ மெள்ள?" என்று அம்மா கேட்டதற்கு, "பதனமா போய்க்கினு இருக்கேன்மா, குலுங்குனா ஐயாவுக்கு வலிக்கும்ல" என்றார். புத்தூரில் கட்டுக்கட்டுகிற ஒருவர் வாசலில் நிறுத்தி, என்னைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். கட்டுப் போடுகிறவர் "நொப்பி எக்கட?" என்றார். எங்கே வலி என்று கேட்பவரிடம் பொய் சொல்லலாமா? கரும்பலகையில் எழுதி எழுதி வந்த தோள்வலியைச் சொன்னேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை எல்லாம் என் கைமேல் ஏறிவிட்டன.

சூளூர்ப்பேட்டை தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எதிரே பழவேற்காடு ஏரி. நம் கட்டமஞ்சி ஏரி டம்ளர் என்றால் இது அண்டா, அக்கரை தெரியாது. அம்மா இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து மீன்பிடிக்கிறவர்களைப் பார்த்தாள். "இவ்ளோதானா கடலு? விழுந்தாக்கூட நடந்தே கரையேறிடலாம் போலக்கீதே. டிக்கெட் போடச் சொல்லுங்க" என்றாள். ஏரிக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரியாத எந்தப் பையனையும் நான் பூகோளத்தில் தேறவிட்டதில்லை. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நீயும் திறக்காதே. பயம் முழுவதும் அவளுக்குத்தான், எனக்கு ஒன்றுமில்லை. இரண்டு டிக்கெட்டும் போட்டுவிடு.

இந்தத் தாளை ஒரு கையால் மடித்து ஒட்ட முடியாது. அம்மாவிடம்தான் தரப்போகிறேன். கண்ணாடி இல்லாமல் அவளுக்குப் படிக்க வராது.

உங்களையும் வரப்போகும் குழந்தையையும் கர்த்தர் தம் சிறகுக்குள் வைத்துக்கொள்வாராக.

அன்பு அப்பா,
ஞா. இஸ்ரேல்

பி.கு.: குமாரு, அம்மா எழுதறேன். கண்ணாடி போட்டுக்கினுதான் ஒட்ட உக்காந்தேன். அது ஏரின்னு எனக்கும் தெரியும். அங்க மீன் வித்த பொம்பள, "சமுத்திரம் இன்னும் அந்தாண்ட கீதும்மா"ன்னு சொன்னா. அதையும் போய்ப் பாக்கலாம்னு திரும்பினா, உங்கப்பா அந்த முழங்கால் தண்ணியப் பாத்தே வெளுத்துப்போய் கார் கதவப் புடிச்சிக்கினு நிக்கிறாரு. மெய்யான கடலப் பாத்துட்டா அமெரிக்கா வருவாரா? என்னைப் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சாத்தான் அவருக்குத் தைரியம் வருது. நெனச்சிக்கட்டும். ரெண்டு டிக்கெட்டும் போடு. ஜன்னல் சீட்டு எனக்கு. நான் இன்னும் கடலப் பாக்கல.