ஷூ பெட்டிக்குள் ஒரு நாதம்

இந்தச் சனிக்கிழமை தன் கிதாரைக் கேட்டு யாரும் காதைப் பொத்தக் கூடாது என்று கண்ணாடிக்காரர் உறுதி எடுத்துக்கொண்டார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவர். அங்கே இருபத்திரண்டு வருஷம் கண் பரிசோதித்த டாக்டரம்மா சனிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறார். பிரிவுபசார விழாவில் கண்ணாடிக்காரர் தன் எலெக்ட்ரிக் கிதாரில் மெதுவான பாட்டு ஒன்று வாசிக்க வேண்டும். போன வருஷ ஆண்டு விழாவில் வாசித்தபோது டாக்டரம்மா அக்கறையாகக் கேட்டார்: "லென்ஸ் அறுக்கிற மெஷினை யாரோ அணைக்க மறந்துட்டீங்க போல?"

சத்தம் அப்படி. ஒவ்வொரு சுரமும் தகர டப்பாவில் ஆணி விழுந்த மாதிரி கேட்கும். கிதாரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் இருந்த எல்லாக் குமிழ்களையும் அவர் கடைசி வரை திருகி வைத்திருந்தார். பத்து வரை இருக்கும்போது ஆறில் நிறுத்துவது கஞ்சத்தனம் என்பது அவர் கட்சி.

அவர் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள்.

"என்னங்க, எங்க மைக்லயும் இதே கதைதான். கீச்சுச் சத்தத்தைத் தூக்குற ட்ரெபிள் குமிழைக் கூட்டி வச்சுக் கத்தினா குரல் தகரமாயிடும். குறைச்சு வச்சு, மெதுவாப் பேசினா நிறைஞ்சு வரும்."

"ரயில் வேற, ராகம் வேற" என்றார்.

"சரி" என்றாள். அவள் 'சரி' சொன்னபோதே அவர் பயந்திருக்க வேண்டும்.

இசைக் கடைக்காரர் ஒரு சின்ன இரும்புப் பெட்டியைக் காட்டினார். பெடல் என்று பெயர். கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே மாட்டினால் சத்தம் கனமாகும், கதகதப்பாகும். "ஆனா முரட்டுத்தனம் இதுக்கு ஆகாது சார். தந்தியை மீட்டுற அந்தப் பிளாஸ்டிக் வில்லையைத் தூக்கிப் போடுங்க. கட்டைவிரலால வருடற மாதிரி வாசிங்க."

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி ரத்தப் பரிசோதனையில் வந்திருந்தது. நடைக்கு ஷூ வாங்கும் வரை கிதாருக்கு ஒரு திருகாணி கூட வாங்கக் கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள். கண்ணாடிக்காரர் யோசித்தார். பக்கத்துச் செருப்புக் கடையில் ஒரு காலிப் பெட்டி கேட்டு வாங்கி, பெடலை ரசீதோடு அதற்குள் வைத்து வீட்டுக்கு வந்தார்.

"ஷூ வாங்கிட்டீங்களா?" அவள் முகம் மலர்ந்தது.

"பின்னே? உன் பேச்சை என்னைக்குத் தட்டியிருக்கேன்?"

அவள் டீ போடும் நேரத்துக்குள் பெட்டியின் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, வயர்களை நுழைத்து, பெடலை அமுக்கி ஆன் செய்துவிட்டு, மூடியை டேப்பால் ஒட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். டீ குடித்துவிட்டு வந்தால் மின்சாரம் போயிருந்தது. அன்று அது திரும்பவே இல்லை.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. மாலையில் அவர் வீடு திரும்பியபோது ஆம்ப்ளிஃபயர் ஒரு மர ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தது.

"தரை துடைச்சேன். அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

கண்ணாடிக்காரர் கதவைச் சாத்தினார். வில்லையைத் தூரப் போட்டார். பெடலுக்கு வலிக்குமோ என்று பயந்து, கட்டைவிரலால் ஒரே ஒரு தந்தியை வருடினார்.

அப்புறம் மூச்சுவிட மறந்துபோனார்.

வெயிலில் காய்ந்த போர்வையை எடுத்து முகத்தோடு அணைத்த மாதிரி இருந்தது. சுரம் உருண்டு திரண்டு அறை முழுக்க நிறைந்தது. விடைபெற்ற விருந்தாளி செருப்பை மாட்டிக்கொண்ட பிறகும் வாசலில் நின்று பேசுவதுபோல, போக மனமில்லாமல் நின்றது. நாற்பத்தேழு வயது மனிதர் மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைக் கும்பிட்டார்.

"அங்க என்ன பண்றீங்க?" மனைவி வாசற்படியில் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. ஷூவைப் பாத்தேன்."

"எப்ப போடப்போறீங்க?"

"புது ஷூம்மா. கடிக்கும். கொஞ்சம் பழகட்டும்."

"கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தா பழகிடுமா?" அவள் கிதாரைப் பார்த்தாள். "சத்தம் நல்லா இருக்கே. என்ன செஞ்சீங்க?"

"எல்லாம் சாதகம்தான்."

"ஒரே நாள்லயா?"

"சில பேருக்கு அப்படி வரும்."

"சரி" என்றாள்.

சனிக்கிழமை கிளம்பும்போது ஷூ பெட்டியும் அவர் கையில் இருந்தது.

"அது எதுக்கு?"

"விழா முடிஞ்சதும் இதைப் போட்டுக்கிட்டு நடந்தே வீட்டுக்கு வரலாம்னு."

"நல்ல யோசனைங்க" என்று சொல்லி, ஸ்டூலை அவளே தூக்கிக்கொண்டாள்.

அவர் வாசித்தார். ஒருவரும் இருமவில்லை. கடைசிச் சுரம் அடங்கிய பிறகும் கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

"இது அதே கிதாரா?"

கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. இவ்வளவு பெரிய அதிசயத்தைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருப்பது பாவம் என்று பட்டது. "என் பெருமை இல்ல, டாக்டரம்மா. எல்லாப் பெருமையும் இதோ இதுக்குத்தான்" என்று டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்து காட்டினார்.

உள்ளே ஒரு ஜோடி ஷூ இருந்தது.

சாம்பல் நிறம். ஒரே ஒரு நீளமான வயர் இந்த ஓட்டையில் நுழைந்து, இரண்டு ஷூக்களுக்கும் நடுவே படுத்து, அந்த ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது. கண்ணாடிக்காரர் ஒரு ஷூவை எடுத்துத் தலைகீழாகக் குலுக்கிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

கடையில் பிரேம் மாட்டுகிறவர் மரியாதையாகக் கேட்டார்: "எந்த சைஸுக்குண்ணே இந்தச் சத்தம் வரும்?"

முன்வரிசையில் இருந்து மனைவி எழுந்து வந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ரசீது உள்ளேயே இருந்துச்சு. கடைக்காரர் பெடலைத் திருப்பி எடுத்துக்கிட்டு, பணத்தோட இந்த வயரையும் கொடுத்தார். அந்தப் பணத்துலதான் ஷூ. ஷூ வாங்கியாச்சுன்னு சொன்னீங்க. உங்க வாய்ச்சொல் பொய்யாகலாமா?"

"அப்ப... அந்தச் சத்தம்?"

"சத்தம் தரையில முட்டாம காதுக்கு நேரா வரட்டும்னு ஸ்டூல்ல ஏத்தினேன். ட்ரெபிளைக் குறைச்சேன். கிதார்ல இருக்கிற சுவிட்சைக் கழுத்துப் பக்கம் தள்ளினேன், அந்தப் பக்கம்தான் நாதம் மெத்துன்னு வரும். மத்தது உங்க விரல். பயந்து பயந்து வாசிச்சீங்க இல்ல, அதான்."

அவர் குனிந்து பார்த்தார். ஊருக்கே பார்வை கொடுக்கிறவர், நாலு நாளாகப் பார்க்காததை இப்போதுதான் பார்த்தார். குமிழ்கள் எல்லாம் ஆறில் நின்றன. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அன்று கட்டிலுக்கு அடியில் கும்பிட்டது தப்பான இடம் என்று புரிந்தது.

திரும்பும்போது வண்டியில் கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்டூலுக்கும் அவளுக்கும் மட்டும் சரியாக இடம் இருந்தது. அவர் நாலு கிலோமீட்டர் நடந்தார்.

ஷூ ஒரு இடத்தில்கூடக் கடிக்கவில்லை. நாளைக்குச் சொல்ல ஒரு காரணமும் மிஞ்சவில்லை.