ரொமான்ஸ் மொழியும் பவுனம்மாள் மகனின் குடல்வாலும்

கோட்டைக்குப்பம்,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் உலகநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை சுதாவின் கணவன் தருமலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். தங்கள் இடுப்பு வலி குறைந்து, ஆரம்பாக்கத்தில் அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நிற்க. ஐஸ் ஃபேக்டரி ஆபீசில் நிவேதாவுக்குத் தாங்கள் பேசிவைத்த டைப் அடிக்கிற வேலைக்கு அவள் திங்கட்கிழமை வரமாட்டாள். கோபப்படாமல் முழுவதும் படிக்கவும்.

என் மகள் பொன்னேரியில் பள்ளி முடித்துச் சென்னையில் பிரெஞ்சு படித்தாள். அதோடு விடுவாள் என்று பார்த்தால் ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீஸ் என்று போய்க்கொண்டே இருந்து, கடைசியில் 'ரொமான்ஸ் மொழிகளில்' டாக்டர் பட்டத்தோடு வந்து நின்றாள். சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் தாங்கள், "இன்னாய்யா, பொண்ண லவ் பண்றதுக்கா படிக்க வெச்ச?" என்று கேட்டீர்கள். "ரோமாபுரி பாஷைலருந்து பொறந்ததால அந்தப் பேரு நைனா" என்று அவள் எத்தனை முறை சொன்னாலும் அன்றிலிருந்து எனக்குள் ஒரு உறுத்தல். அதற்குப்பிறகு இரண்டு வருடம் வேலையில்லை. ஊரில் 'சும்மா டாக்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நேற்று காலை பத்து மணிக்கு வீட்டுக்கு எதிரே ஏரிக்கரையில் இறால் ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு, "அய்யோ, எம்புள்ளைய அறுக்கப் போறாங்க!" என்று ஓடிவந்தாள். அவள் மகன் வினோத் கப்பல் வேலைக்குப் போனவன். வயிற்றுவலி என்று ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே எல்லாரும் பேசுவது போர்ச்சுகீஸ். ஒரு டாக்டரம்மா கத்திக்கொண்டிருக்க, இவன் வீடியோவில் நாக்கை நீட்டி நீட்டிக் காட்டுகிறான். "கிட்னி எடுக்கப் போறாங்க, ஊசியப் புடுங்கிட்டு ஓடப்போறேன்மா" என்று அழுகை வேறு. நான் "நிவேதா!" என்று போட்ட சத்தத்தில் ஏலம் நின்றுபோனது. குளித்த தலையோடு வந்தவள் போனை வாங்கிப் பேச ஆரம்பித்தாள் பாருங்கள் மச்சான், காற்று திரும்பினால் படகுப் பாய் எப்படி விரியும், அப்படி! அந்த டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"டேய் வினோத், நாக்க உள்ள போடு! அவங்க 'நாவ்'னு சொன்னா நாக்கு இல்லடா, 'கூடாது'னு அர்த்தம். ஊசியப் புடுங்காதனு சொல்றாங்க. கிட்னி இல்லடா, குடல்வால் வீங்கிப் போச்சு. இப்பவே ஆபரேஷன் பண்ணலனா வெடிச்சிரும்."

அவன் தலையாட்டினான். அப்போதுதான் பவுனம்மாள், "பென்சிலின் போட்டா அவனுக்கு மூஞ்சி வீங்கி மூச்சு முட்டும், சொல்லும்மா!" என்று அலறினாள். நிவேதா சொன்னதும் அந்த டாக்டரம்மா ஓடிப்போய் மருந்துச் சீட்டை மாற்றியதை நாங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தோம். இவள் மட்டும் இல்லையென்றால்? இறால் கூடைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்கு, நின்றுபோன ஏலம் மறுபடி நடக்கையில், பிழைத்துவிட்டான் என்று செய்தி வந்தது. பவுனம்மாள் நிவேதாவைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. போனில் அந்த டாக்டரம்மா, பின்னால் என்ன இரைச்சல் என்று கேட்டாராம், இவள் அவர்கள் பாஷையில் 'லெய்லாவ்', அதாவது ஏலம் என்றாளாம். "ஏலம்னு நாம சொல்றதே அவங்க சொல்லுதான் நைனா" என்கிறாள். முப்பது வருடமாக நானே போர்ச்சுகீஸில்தான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், தெரியவில்லை!

சாயங்காலமே விஷயம் கேள்விப்பட்டு, வினோத்தை அனுப்பிய கப்பல் ஏஜென்சிக்காரர்கள் மொழிபெயர்க்கிற வேலை தருகிறோம் என்றார்கள். வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். ஆகையால் மச்சான், என் பெண் இனி இந்த ஏரிக்கரையை விட்டு எங்கும் போகமாட்டாள். ரொமான்ஸ் மொழியைப்பற்றி இனி யாரும் பந்தியில் பேசக்கூடாது. இது என் முடிவு, இதில் மாற்றமில்லை.

அத்தைக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் குடும்பம் ஒரு குறையுமின்றி வாழ வாழ்த்தும்,

தருமலிங்கம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிறபோது போர்ச்சுகலிலிருந்து போன் வந்தது. அங்கே அவள் எப்போதோ மனுப் போட்டிருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் நிவேதாவுக்கு வேலையாம், அடுத்த மாதமே புறப்படணுமாம். என்ன பாடம் தெரியுமா? தமிழ்! பத்து வருஷம் அவங்க பாஷையைப் படிச்சவளை நம்ம பாஷையைச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுறாங்க. நான் வாயைத் திறப்பதற்குள் 'சிம்' என்று சொல்லிவிட்டாள். சிம் கார்டு இல்லை மச்சான். 'சரி'ன்னு அர்த்தமாம்.