உடைச்சுப் பாரு அண்ணாச்சி

மும்பை முழுவதையும் சலித்தாலும், நல்ல செய்தி கேட்டு முகம் வாடுகிற மனிதர் ஒருவரைத்தான் என்னால் காட்ட முடியும். ‘எல்லாம் சரியா இருக்கு’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அண்ணாச்சிக்கு அன்றைக்கு மதியச் சோறு இறங்காது.

செம்பூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டரில் கோப்புகளைப் பத்திரமாக வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். அதில் ‘ஸ்டாட்’ என்றொரு கட்டளை உண்டு. கோப்பைத் திறக்காமலே அதன் ஜாதகத்தைச் சொல்லும்: எவ்வளவு பெரிசு, யாருடையது, கடைசியாக எப்போது கை பட்டது. அது சொல்வது நிஜம்தானா என்று பார்க்கக் குட்டிக் குட்டி டெஸ்டுகள் எழுதுவோம். அவை தினமும் தானாக ஓடும். சரியென்றால் திரையில் பச்சை, தப்பென்றால் சிவப்பு. அந்த டெஸ்டுகளே யோக்கியமானவைதானா என்று பார்ப்பது அண்ணாச்சியின் வேலை. தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பேச்சு மட்டும் அப்பன் பாட்டன் கொண்டுவந்த திருநெல்வேலி.

என் முதல் டெஸ்டை அவரிடம் காட்டியது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கோப்பில் பத்து எழுத்து எழுதுவேன். அளவு என்னவென்று ஸ்டாட்டைக் கேட்பேன். பத்து என்றால் பச்சை.

“இது சிவப்பாவுறத நீ பாத்தியாம்மா?”

“இல்லையே அண்ணாச்சி. பாஸ் ஆயிடுத்தே.”

“பாஸ் ஆவுதா, சும்மா பல்லக் காட்டுதான்னு எப்படித் தெரியும்? உடைச்சுப் பாரு.”

நான் விழித்தேன். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மென்பொருளில் கை வைத்தார். எந்தக் கோப்பைப் பற்றிக் கேட்டாலும் ‘பத்து’ என்றே சொல்லும்படி அதைக் கெடுத்தார். என் டெஸ்டை ஓட்டினார். பச்சை.

“பாத்தியா. இந்த ஸ்டாட்டுப் பய வாய்க்கு வந்தபடி புளுகுதான். உன் டெஸ்டு தலையாட்டுது.” சொல்லிவிட்டு, வீட்டில் துக்கம் நடந்தவர் போல எழுந்து போனார். ‘உடைச்சுப் பாரு அண்ணாச்சி’ என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

ஆபீஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் லிஃப்டில் அபாய மணி இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அதை அமுக்குவார். வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடிவந்து, “க்யா ஹுவா சாப்?” என்பான். “குச் நஹீ. தும் ஆயே, பஸ்,” என்று, அவன் வந்ததே போதும் என்பதுபோல் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்புவார். ஒருநாள் ஸ்டூல் மேல் ஏறி, கூரையில் இருந்த, புகை பட்டால் அடிக்கும் மணிக்குக் கீழே பழைய பேப்பரைக் கொளுத்திப் பிடித்தார். மணி அடிக்கவில்லை. பேப்பர் கொளுத்தியதற்காக மேனேஜர் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். மணி அடிக்காததற்கு யாருக்கும் கடிதம் போகவில்லை. அண்ணாச்சி வெகுநாள் அதைச் சொல்லிச் சொல்லிப் புழுங்கினார்.

கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

“பொண்ணு பாக்கப் போனேன். எனக்குக் கோவம் ஜாஸ்தி வரும்னேன். ‘பரவால்ல மாப்ள’ன்னாவ. தண்ணி போடுவேன்னு ஒரு பொய்யச் சொன்னேன். அதுக்கும் ‘பரவால்ல’. என்னத்தச் சொன்னாலும் சரிங்கிற வீட்டுல எதை நம்பிக் கட்டுறது?”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண் இப்போது பக்கத்து ஊரான கல்யாணில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருப்பதாக மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மென்பொருளை வெளியிடும் நாள் வந்தது. திரை முழுக்கப் பச்சை. மேனேஜர் பெட்டிப் பெட்டியாகப் பால்பேடா வாங்கி வைத்திருந்தார்.

“அண்ணாச்சி, சப் ஹரா ஹை நா?”

“ஹாங் சார். வஹீ தோ டர் ஹை.”

எல்லாம் பச்சையாக இருப்பதுதான் அவருக்குப் பயம். கோப்பில் எழுதினால் அதன் நேரம் மாறவேண்டும் என்று சோதிக்கும் டெஸ்டைப் பிடித்தார். நேரமே நகராதபடி மென்பொருளைக் கெடுத்துவிட்டு ஓட்டினார். அப்போதும் பச்சை. வெளியீடு தள்ளிப்போனது. பேடா புளித்தது.

மேனேஜர் அதை மறக்கவில்லை. கொஞ்ச நாளில், டெஸ்டுகளைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தர ஒரு செயலி வாங்கினார். அண்ணாச்சி அதற்கு, எதையுமே சோதிக்காத வெற்று டெஸ்ட் ஒன்றை அனுப்பினார். ‘தெளிவாகவும் சுருக்கமாகவும் உள்ளது’ என்று பாராட்டி ஒப்புதல் வந்தது. அதை மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினார். “லேகின் ஃபாஸ்ட் ஹை நா,” என்று அதன் வேகத்தைப் புகழ்ந்தார் மேனேஜர். அந்த மாதத்தோடு அண்ணாச்சிக்கு வேலை போனது.

தாராவியில் சித்தப்பா மகனின் தோல் பை பட்டறையில் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு பையின் ஜிப்பையும் அறுந்து போகும்வரை இழுத்துப் பார்த்தார். “பை விக்கவா, பிய்க்கவா?” என்று தம்பி கைகூப்பிக் கேட்ட பிறகு வீட்டில் இருந்தார்.

அங்கிருந்து ஒருநாள் எனக்குப் போன். “அந்த நேரம் பாக்குற டெஸ்ட மாத்தினியாம்மா?”

“இல்ல அண்ணாச்சி. அப்பாவை சயான்ல ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். மூச்சு விடக் கஷ்டப்படறார்.”

போனை வைத்துவிட்டார். அரைமணியில் வார்டு வாசலில் வந்து நின்றார். நான் அப்போது கட்டிலருகே உட்கார்ந்து, அப்பா விரலில் மாட்டியிருந்த கிளிப்பையும் மெஷினில் தெரியும் ஆக்சிஜன் எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கி மூன்று நாள் இருக்கும். கண்ணை மூடினால் எண் இறங்கிவிடும் என்று பயம்.

அண்ணாச்சி மெஷினைப் பார்த்தார். அப்பாவிடம் குனிந்தார்.

“ஐயா, இத ஒரு நிமிசம் கழட்டிக்கிடட்டா?”

அப்பா என்னைப் பார்த்தார். “இவர்தான் அந்த அண்ணாச்சியா?” என்றார் மெல்ல. பிறகு விரலை நீட்டினார்.

கிளிப் கழன்றதும் மெஷின் ஊரைக் கூட்டியது. நர்ஸ் ஓடிவந்து, என்ன ஆச்சு என்று பதறினார். “காய் ஜாலா?”

“குச் நஹீ சிஸ்டர். தேக் ரஹா தா.” சும்மா சோதித்துப் பார்த்தாராம்.

நர்ஸ் மராத்தியில் வாங்கிய வாங்கில் பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு, கிளிப்பை அப்பா விரலில் பதமாக மாட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஒண்ணுன்னா இது கத்துது. கத்துனா அந்தம்மா ஓடியாராவ. ரெண்டையும் பாத்தாச்சி. நீ தூங்கு.”

கட்டில் விளிம்பில் தலையை வைத்தது வரைதான் தெரியும். எழுந்தபோது சாயங்காலம்.

அந்த வாரக் கடைசியில் அப்பா போய்விட்டார். மெஷின் கத்தியது. நர்ஸும் ஓடிவந்தார். ஒன்றும் செய்வதற்கில்லை.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா இப்போது வலியில்லாமல் இருப்பார் என்றார்கள். நல்ல மனுஷாளை பகவான் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார் என்றார்கள். அண்ணாச்சி ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என் மாமா அவரிடம், “நாள் போகப் போக எல்லாம் ஆறிடும், இல்லையா சார்?” என்று கேட்டார்.

அண்ணாச்சி நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

“தெரியலையே சார்,” என்றார்.

மாமா முகம் சுளித்தார். எனக்கோ, அன்று முழுக்கக் கேட்டதில் அந்த ஒரு வார்த்தைதான் உள்ளே போனது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாக அண்ணாச்சியும் எழுந்து வாசலில் செருப்பைத் தேடினார்.

“இன்னும் கொஞ்ச நேரம் இருங்கோளேன் அண்ணாச்சி,” என்றேன்.

ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.