ரக்கூன் அங்கியும் ஏமிலின் முழங்காலும்

பயிற்சியாளர் என்பவர் ஆட்டக்காரராகவும் இருந்தே தீரவேண்டும் என்பது எங்கள் காலத்துச் சட்டம். நேராக அப்படி எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. மைதானத்துக் கோட்டுக்கு வெளியே நிற்கும் எவரும் உள்ளே ஆடுகிறவர்களுக்கு யோசனை சொல்லக்கூடாது, சொன்னால் அந்த அணி பதினைந்து கெஜம் பின்னால் போகவேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. வெளியே நின்று வாய் திறக்கக்கூடாது என்றால் வாயுள்ளவர் உள்ளே வந்தாக வேண்டும். உள்ளே வந்தவர் வேடிக்கை பார்க்க முடியுமா? அவரும் ஆட வேண்டும். ஆடினால் எல்லோரையும் போல அவருக்கும் உதை விழும். யோசித்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான். உலகத்தில் யோசனை சொல்கிறவர்கள் எல்லோருக்கும் இதைப் போட்டிருந்தால் யோசனைகள் எவ்வளவோ குறைந்திருக்கும்.

எங்கள் ஊர் ஒஹையோவில் பெல்லாமி. வெள்ளரிக்காய் ஊறுகாய்க்குப் பேர்போனது. என் பெயர் கஸ் டிட்மர். வாரம் முழுக்க ஊறுகாய்த் தொழிற்சாலையில் பீப்பாய் உருட்டுவேன்; ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் அணிக்காக மனிதர்களை உருட்டுவேன். நடுவில் குனிந்து நின்று, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் வீசுவது என் வேலை. வீசிய பந்தைக் கையில் வாங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகிற இந்த விளையாட்டுக்குக் கால்பந்து என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. தெரிந்தால் அவனையும் உருட்டியிருப்பேன்.

பந்தை வாங்கிக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் முட்டி மோதி ஓடுகிறவர் எங்கள் பயிற்சியாளர் ஏமில் ஹார்ட்விக். தொழில், கூரை போடுவது. அவர் ஏணி ஏறினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அந்த வருஷம் அவருடைய இடது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு அடி விழட்டும். அப்புறம் ஏணியைக் கீழே நின்னு பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

ஏமில் பதறிப்போய் அணிக் கமிட்டித் தலைவர் விப்பிளைப் பார்க்கக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். விப்பிள் ஊரின் சவப்பெட்டி வியாபாரி, நகரசபை உறுப்பினர், இன்னும் என்னென்னவோ. கமிட்டி கூடுவது அவர் கடையின் பின்கட்டில், பெட்டிகளுக்கு நடுவே. மதுவிலக்குக் காலம் அது. கமிட்டியார் கையிலிருந்த கோப்பைகளில் இருப்பது ஊறுகாய்த் தண்ணீரே என்று தீர்மானம் போட்டு ஏகமனதாக நிறைவேற்றியிருந்தார்கள்.

"ஐயா, ஒரு ஆட்டக்காரனை நிறுத்தணும்" என்றார் ஏமில்.

"தாராளமா நிறுத்துப்பா. யாரையும் நிறுத்தக் கோச்சுக்குப் பூரண அதிகாரம் உண்டு. ஆளு யாரு?"

"நான்தான்."

விப்பிள் கோப்பையைக் கீழே வைத்தார். "நீ உன்னை நிறுத்தினா எங்கே போய் உட்காருவே?"

"வெளியே, பெஞ்சில."

"வெளியே உட்கார்ந்தவன் யோசனை சொல்லலாமா?"

"கூடாது."

"யோசனை சொல்லாதவன் கோச்சா?"

"இல்லைதான்."

"கோச் இல்லாதவன் போட்ட உத்தரவு செல்லுமா?"

ஏமில் தலையைச் சொறிந்தார். "செல்லாது."

"அப்போ நீ உன்னை நிறுத்தவே இல்லையே! ஞாயித்துக்கிழமை நேரத்துக்கு வந்து சேரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏமில் அண்ணனோட கால் போயிடும் ஐயா! வேற யாரையாவது கோச்சாப் போட்டுத் தொலைங்களேன்!"

"உணர்ச்சிவசப்படாதே கஸ். அங்கி வாங்கியாச்சு" என்றார் விப்பிள்.

அவர் ஒரு சவப்பெட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே கால் நீட்டிப் படுத்திருந்தது ஒரு ரக்கூன் தோல் அங்கி. அந்த வருஷத்துப் பைத்தியம் அதுதான். கல்லூரிப் பையன்கள் போட்டார்கள், வங்கிக்காரர்கள் போட்டார்கள், பெரிய ஊர்ப் பயிற்சியாளர்கள் எல்லோரும் போட்டார்கள். ராத்திரி கோழி திருட வரும் ரக்கூனை எங்கள் கோழிக்கூட்டில் பார்த்தால் துப்பாக்கி எடுப்போம். அதே பிராணி பகலில் ஒருவர் முதுகில் ஏறி வந்தால் தொப்பியைக் கழற்றி வணங்குவோம்.

"ஏமில் அளவுக்கே தைச்சது. கோச்சை மாத்திடலாம்ப்பா. அங்கியை மாத்த முடியுமா?" என்று அவர் கேட்டபோது கமிட்டியார் அனைவரும் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள்.

அன்று சாயங்காலம் ஏமிலின் முழங்காலுக்குக் குதிரைத் தைலம் தேய்த்தபடி அவர் மனைவி லீனா அண்ணி கமிட்டியாரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டினார். திட்டில் ஒரு சொல்கூட வீணில்லை. "மனுஷன் கால் பெரிசா, செத்த ரக்கூன் பெரிசா? ஆட்டக்காரனை நிறுத்தற அதிகாரம் மட்டும் என் கையில இருக்கட்டும், இந்த ஆளை அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார். நான் கைதட்டினேன். ஏமில் வலியில் கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ஹால்சி ஊர் அணி வந்தது. எல்லோரும் கல் உடைக்கிறவர்கள். எவருக்கும் கழுத்து என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களோடு லீக்கின் மேற்பார்வையாளர் பிங்க்னியும் வந்தார். மூக்குக் கண்ணாடி, விசில், சட்டப் புத்தகம். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார்.

"ஆட்டக்காரர் பேசினால் அது பேச்சு. பயிற்சியாளர் பேசினால் அது ஆணை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் நிர்வாகம் எதை எதுவென்று கருதுவது?"

எங்களுக்கு இப்படியொரு ஆபத்து இருப்பதே அதுவரை தெரியாது. விப்பிளுக்குத்தான் பளிச்சென்று யோசனை வந்தது. அங்கி இருக்கிறதே! அங்கி போட்டிருக்கும்போது ஏமில் பயிற்சியாளர்; கழற்றிவிட்டால் ஆட்டக்காரர். பிங்க்னி மகிழ்ந்துபோனார். கூடவே ஒரு துணைவிதியும் சேர்த்தார்: பயிற்சியாளர் அணியின் உயர் அதிகாரி ஆகையால், அங்கியோடு இருக்கும்போது எதிரணியார் அவர்மேல் கைவைக்கலாகாது.

ஆட்டம் தொடங்கியது. மழை பெய்து தரை கூழாகியிருந்தது. ஏமில் ஒவ்வொரு முறையும் ஓரத்துக்கு நொண்டிப்போய் அங்கியை மாட்டுவார். உள்ளே வந்து, "இடது பக்கமாப் போறோம்" என்று சொல்வார். திரும்ப ஓரத்துக்கு நொண்டிப்போய் அங்கியைக் கழற்றுவார். வந்து இடது பக்கமாகப் போய் உதை வாங்குவார். அவர் எந்தப் பக்கம் போகப்போகிறார் என்பதை யோசித்து முடிக்க ஹால்சிக்காரர்களுக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. சிலர் உட்கார்ந்தே யோசித்தார்கள். மூன்று புள்ளி அவர்களுக்கு, எங்களுக்குப் பூஜ்யம். அங்கி மழையில் நனைந்து நனைந்து இறந்த கன்றுக்குட்டி கனம் கனத்தது.

கடைசிக் கட்டத்தில் தப்பு பண்ணியது நான்தான். குனிந்து நிற்கிறவனுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று எப்படித் தெரியும்? ஏமிலின் ஒரு கை இன்னும் அங்கியில் சிக்கியிருந்தபோதே பந்தை வீசிவிட்டேன். பந்து போய் அவர் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. ஹால்சிக்காரர்கள் பாய்ந்தார்கள், அங்கியைப் பார்த்ததும் பாய்ந்த வேகத்திலேயே நின்றார்கள். ஏமில் அவர்களைப் பார்த்தார். அவர்கள் ஏமிலைப் பார்த்தார்கள். அப்புறம் ஏமில் நடந்தார் பாருங்கள்! தோட்டத்தில் காய்கறி பார்வையிடுகிறவர் மாதிரி நிதானமாக, "கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே, மைதானத்தின் கடைசிக் கோடு வரைக்கும் நடந்தே போய்விட்டார்.

அவர் கோட்டைத் தாண்டுவதற்குள் பிங்க்னி விசில் ஊதினார். புத்தகத்தை நெடுநேரம் புரட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: பயிற்சியாளரைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை; புள்ளி எடுக்கப் பயிற்சியாளருக்கு அதிகாரமில்லை; ஆகவே பந்து கோட்டின் காலடியிலேயே இருக்கட்டும்; இனி அங்கி அணிந்தவர் பந்தைத் தொடக்கூடாது.

ஏமில் அங்கியைக் கழற்றினார். இன்னும் ஓரடி போய்க் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி. அந்த ஓரடியில் ஹால்சிக்காரர்கள் பதினொரு பேரும் மதில் கட்டி நின்றார்கள். அவர்களிலேயே பெரிய தடியன் ஏமிலின் இடது முழங்காலைப் பார்த்துச் சிரித்தான்.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. "ஏமில்! போதும்யா! உட்காரு!"

ஏமில் அந்த க்ஷணமே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

பிங்க்னி விசில் ஊதினார். "யார் அந்த அம்மா?"

"என் சம்சாரம் சார்."

"அவர் சொன்னதும் உட்கார்ந்துவிட்டீர்களே, இது வழக்கமா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து வழக்கம் சார்."

"அப்படியானால் இந்த அணியின் உண்மையான பயிற்சியாளர் அந்த அம்மையார்தான். வெளியே இருந்துகொண்டு யோசனை சொல்லியிருக்கிறார். பதினைந்து கெஜம் பின்னால் போங்கள்!"

கூட்டம் ஊளையிட்டது. எனக்கு மட்டும் மூளையில் விளக்கு எரிந்தது. "சார், அப்படின்னா எங்க அண்ணன் வெறும் ஆட்டக்காரர்தானே?"

"ஐயமில்லை."

"கோச் நினைச்சா அவரை நிறுத்திடலாமே?"

"பூரண அதிகாரம் உண்டு. ஆனால் கோட்டுக்கு உள்ளே வந்து சொல்லவேண்டும். உள்ளே வந்தால் ஆட்டக்காரராகவும் இருக்கவேண்டும்." பெண்கள் ஆடலாமா என்று புத்தகத்தில் தேடினார். அணிக்குப் பதினொரு பேர் என்று போட்டிருந்தது; பாவாடையைப் பற்றி ஒன்றுமில்லை. "தடுக்கப்படாதது அனுமதிக்கப்பட்டது" என்றார். அதைக் கேட்டதும் எங்கள் ஓரத்து ஆட்டக்காரன் ஷுல்ட், இடம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, யாரும் மனசு மாறுவதற்குள் பெஞ்சுக்கு ஓடிப்போனான்.

லீனா அண்ணி வந்தார். விப்பிள் தம் கையாலேயே அங்கியை அவர் தோளில் போர்த்தினார். அங்கி தரையில் புரண்டது. கைகள் உள்ளேயே காணாமல் போயின. ஆனாலும் கூட்டம் முழுக்க எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியது. "கோச்! கோச்!" என்று கூட்டம் நின்ற தகரக்கொட்டகையே அதிர்ந்தது. நாங்கள் பத்துப் பேரும் சேறு வழிய அவரைச் சுற்றி நின்றோம். பத்து ஆண்கள் வாயை மூடிக்கொண்டு தம் பேச்சுக்குக் காத்திருப்பதை அண்ணி ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"சொல்லுங்க அண்ணி. அண்ணனை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்றேன்.

"இரு கஸ். அவசரப்படுத்தாதே." அண்ணி அங்கியின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இன்னும் எவ்வளவு தூரம் போகணும்?"

"பதினைஞ்சு கெஜம்."

"நேரம்?"

"ஒரு தடவை ஓடலாம்."

"வேற யாரு ஓடுறீங்க?"

நாங்கள் எல்லோரும் சேற்றைப் பார்த்தோம். அப்படியொரு சுவாரஸ்யமான சேறு.

ஏமில் ஆசையோடு எழுந்து நின்றார். "லீனா, நான் வீட்டுக்குக் கிளம்பட்டுமா?"

அண்ணி ஹால்சியின் மதிலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ரக்கூன் மயிரை ஒருமுறை மெல்லத் தடவிவிட்டார். அப்புறம் கணவரைப் பார்த்துக் கேட்டார்:

"வலிக்கிறது எந்தக் கால்?"

தினமும் தைலம் தேய்த்த மகராசி கேட்கிறார்!

"இடது" என்றார் ஏமில்.

"அப்போ வலது கால்ல ஓடு."

பிங்க்னி புத்தகத்தை மூடி வைத்தார். இன்று விதிமுறைப்படி சொல்லப்பட்ட முதல் யோசனை இதுவே என்று பாராட்டினார். ஏமில் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டம் என் பெயரையும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தது. குனிந்தேன். பந்தை வீசினேன். அந்தத் தடியனையும் பக்கத்தில் இருந்தவனையும் ஒரே மோதலில் உருட்டி ஏமிலுக்கு வழி உண்டாக்கினேன். அவ்வளவு அழகாக நான் என்றைக்கும் உருட்டியதில்லை. ஏமில் ஓடினார், நொண்டினார், விழுந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் விழுந்தார். அவர் மேல் மூன்று பேர் விழுந்தார்கள். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஆறுக்கு மூன்று! நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

ஏமிலைத் தூக்கிப்போக விப்பிள் ஒரு சவப்பெட்டி மூடியைக் கொடுத்தார், திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. நாங்கள் நாலு பேர் சுமந்தோம். ஏமில் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்திருந்தார். பக்கத்திலேயே அண்ணி வந்தார். நிஜமாகவே அழுதார், பொய்யில்லை. அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து ரக்கூன் முழுக்க ஈரம்.

"பாவி மனுஷா, உன்னை யாருய்யா இப்படி ஓடச் சொன்னது!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வண்டியில் ஏமிலை ஏற்றியதும் அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பந்தோட ஓட ஒரு ஆள் வேணும் கஸ். உன் முழங்கால் எப்படி இருக்கு?"

பெருமையில் எனக்கு நெஞ்சு விரிந்துபோயிற்று.

"ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு, கோச்சம்மா!" என்றேன்.