பெரியப்பாவும் ஒன்பது குதிரைகளும்

சிங்பிங் படித்துறை,
மே மாதம், மழை விட்ட காலை.

அன்பும் பயமும் சம அளவில் உரித்தாகும் பெரியம்மாவுக்கு,

தங்கள் தங்கை மகள் சுன்யான் வணங்கி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் இருக்கிறோம். நலமா என்பதைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சாங்ஷாவில் நீங்கள் மிக நிம்மதியாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியப்பா இங்கே அல்லவா இருக்கிறார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியப்பா உங்களிடம் போனில் என்ன சொல்லியிருந்தாலும் சரி, நான் சாங்ஷாவுக்கு வரவில்லை. அவர் விளையாட்டு வாத்தியாராக இருக்கும் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேரப் போவதும் இல்லை. பதினாறு வயதில் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்தால் பின்வரிசைக்குக் கரும்பலகை தெரியாது. இதை அவரிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூங்கும்போதும் கழுத்தில் விசில் மாட்டியிருப்பவரிடம் யாருக்குத்தான் வரும்? எனவே நீங்கள்தான் தடுக்க வேண்டும். இந்த விபரீதம் எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்தால் தடுக்க உங்களுக்கு வசதியாக இருக்கும்.

உங்கள் பிள்ளை கைவென் அண்ணன் மூன்றாம் முறையாகக் கல்லூரித் தேர்வு எழுதப் போகிறார், அதற்கு முன் குய்லின் நகரத்தையும் மலைகளையும் பார்த்தால் மனசு லேசாகும், சுன்யான் கூட இருந்து சுற்றிக் காட்டட்டும் என்று எழுதியிருந்தீர்கள். கடைக்காரரிடம் உப்பு கேட்கக்கூட வாய் திறக்காதவளை வழிகாட்டியாக்கியதற்கு முதலில் நன்றி. ரயில் நிலையத்தில் நான் வாய் திறக்கத் தேவையே படவில்லை; பெரியப்பா விசில் ஊதி என்னைக் கூப்பிட்டார், கூடவே நான்கு வாடகைக் கார்களும் வந்துவிட்டன. அண்ணனின் மனசை லேசாக்கப் பெரியப்பா ஒரு பை நிறைய மாதிரி வினாத்தாள் கொண்டுவந்திருந்தார், அதை அண்ணன்தான் சுமந்தார். யானை வடிவில் நிற்கும் யானை மலைக்குப் போனோம். அது ஆற்றில் தும்பிக்கையை விட்டுத் தண்ணீர் குடிப்பதைக் கண்டு ஊர் உலகமே மகிழ்ந்து நிற்க, பெரியப்பா மட்டும் டிக்கெட் கிழிக்கும் அம்மாவிடம், "வாலைக் காணோமே, வால் இல்லாம எப்படிம்மா யானைன்னு டிக்கெட் போடறீங்க?" என்று கேட்டார். அந்த அம்மா தலை நிமிராமலே, "வால் அந்தப் பக்கம் இருக்கு சார், சுத்தி நடந்து போங்க" என்றார். நடந்தோம். அந்தப் பக்கம் கார் நிறுத்துமிடம்தான் இருந்தது. பிறகு நூடுல்ஸ் கடையில், நாங்கள் எல்லோரும் வறுத்த வேர்க்கடலையும் ஊறுகாய்ப் பயறும் போட்டு உலர்வாகக் கிளறித் தின்றுவிட்டுக் கடைசியில் சூப் ஊற்றிக் குடிப்போமே, அவர் எடுத்த எடுப்பில் கிண்ணம் வழியச் சூப்பை ஊற்றிவிட்டு, "எங்க ஊர்ல இதைவிட உறைப்பா மருந்து குடுப்பாங்க" என்றார். கடைக்காரர் முகத்தில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது. நான் இனிமேல் அந்தக் கடைக்குப் போக முடியாது. போனால் அடையாளம் தெரிந்துவிடும்.

சிங்பிங்கிற்கு வந்ததும் எல்லா விருந்தாளிகளும் செய்வதையே செய்தார். இருபது யுவான் நோட்டின் பின்பக்கம் எங்கள் ஆறும் மலையும் அச்சடித்திருக்கிறது என்று கரையில் நின்று நோட்டைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மலையோடு ஒத்துப் பார்த்தார். ஒத்துப்போகவில்லை. "நோட்டு சரியாத்தான் இருக்கு. மலைதான் கொஞ்சம் நகர்ந்திருக்கு" என்று அறிவித்தார். அரசாங்கம் தப்பு செய்யாது என்பது அவர் கட்சி. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்து நோட்டை ஆற்றில் போட்டது. அண்ணன் பயணம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். பெரியப்பா அவருக்கு ஒரு வினாத்தாளை எடுத்துக் கொடுத்தார்.

இதெல்லாம் சும்மா முன்னுரை. பெரியப்பா வந்தது நகரத்துக்கும் இல்லை, காற்றுக்கும் இல்லை, குதிரைக்கு. ஆற்றின் மேல்போக்கில் செங்குத்தாக ஒரு பாறைச் சுவர் நிற்கிறது. அதில் மழையும் வெயிலும் மாறி மாறித் தீட்டிய கறைகளில் ஒன்பது குதிரைகள் இருப்பதாகப் பேச்சு. ஏழு குதிரைகளைப் பார்ப்பவன் பரீட்சையில் இரண்டாமிடம், ஒன்பதையும் பார்ப்பவன் முதலிடம். ராஜா காலத்துப் பரீட்சைக்குச் சொன்னதை இப்போதைய கல்லூரித் தேர்வுக்கும் செல்லும் என்று எங்கள் படகுக்காரர்கள் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் எதிர்வீட்டுப் பையன் போன வருஷம் ஒன்பதையும் பார்த்துவிட்டுப் போய் பெய்ஜிங்கில் இடம் வாங்கினானாமே. அவன் ராத்திரி பகலாகப் படித்ததும் உண்டாம், ஆனால் அது தற்செயலாம்.

எங்கள் படகு மூங்கில் படகு. அதாவது பிளாஸ்டிக் குழாய்களைச் சேர்த்துக் கட்டி, மூங்கில் மாதிரி வர்ணம் அடித்து, பின்னால் மோட்டார் வைத்தது. அதில் ஏறி முதல் நாள் போனோம். அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார்: "அதோ பாருங்க சகலை, குனிஞ்சு தண்ணி குடிக்குதே, அது ஒண்ணு. பின்னாடி முதுகைக் காட்டி நிக்குது பாருங்க, அது ரெண்டு..." பெரியப்பா அத்தனையையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். அண்ணன், "நாலு தெரியுதுப்பா" என்றார். சரி, மறுநாளும் பார்க்கலாம் என்று பெரியப்பா தங்கினார். மறுநாள் அப்பா மறுபடியும் ஒன்பதைக் காட்டினார். பெரியப்பா போனை எடுத்து ஒப்பிட்டார்.

"என்ன சகலை, நேத்து இது தலைன்னீங்க. இன்னிக்கு வால்ங்கறீங்க?"

"ஒரு ராத்திரி பூரா இருந்திருக்கு. திரும்பி நிக்கக் கூடாதா?" என்றார் அப்பா.

அன்றைக்கு அண்ணன் மூன்று என்றார். அதற்கடுத்த நாள் இரண்டு. "என்னடா இது, நாளாக நாளாகக் குறையுது! கண்ணா அது, கரைஞ்சு போற சோப்பா?" என்று பெரியப்பா பதறிப்போய், கண்ணுக்கு நல்லது என்று அம்மாவை வேளாவேளைக்குப் பன்றி ஈரல் கஞ்சி வைக்கச் சொன்னார். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தும் போகவில்லை. தலைமையாசிரியருக்குப் போன் போட்டு வயிற்றுப்போக்கு என்றார். அந்தக் கஞ்சியைக் குடித்தபிறகு அது பொய்யாகவும் இல்லை.

நான் மாடியில் எங்கள் தங்கும் விடுதியின் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அண்ணன் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் எல்லோரும் ரகசியம் சொல்லுவார்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நம்பிக்கை. "நாலுன்னு சொன்னேன், இன்னொரு நாள் தங்கலாம்னார். அப்புறம் நான் எதுக்கு அஞ்சுன்னு சொல்லணும்? ஒன்பது பார்த்தா நேரா ஊருக்கு, பரீட்சைக்கு. ஜூன்ல பரீட்சை முடியற வரைக்கும் இப்படியே குறைச்சுக்கிட்டே போயிடுவேன்" என்றார். நான் "ம்" என்றேன். உங்கள் மகன் கணக்கில் தேற மாட்டார் என்று யார் சொன்னது? படகில் அவர் மலையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மோட்டாரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பெரியப்பா குதிரை தேடும் நேரத்தில் அப்பா சுக்கானை அவர் கையில் கொடுத்துவிடுவார், அவர் பாறைச் சுவரின் அடியில் இருக்கும் சுழலில்கூடப் படகை நூல் பிடித்த மாதிரி திருப்புவார்.

அப்புறம் நேற்று. மலைக்கு நேர் எதிரே படகை நிறுத்தக் கூடாது என்பது ஆற்றின் சட்டம். பெரியப்பா நிறுத்தச் சொன்னார். பின்னால் வந்த படகுகளுக்குக் கையைக் காட்டி விசிலும் ஊதினார். விசில் சத்தம் கேட்டு நதிக் காவல் என்று நினைத்து ஒவ்வொன்றாக எல்லாப் படகும் நின்றுவிட்டன. அப்பாவின் கூட்டாளி தாங் மாமா பின்னாலிருந்து, "யோவ் மோ! உன் சகலை என்ன, ஆத்துக்கே போலீஸா?" என்று கத்தினார். அவர் படகிலும் அதற்கடுத்ததிலும் தியான்ஜினிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அம்மாக்கள், எல்லோர் கையிலும் போட்டோவுக்கு வீசுவதற்குப் பட்டுத் துப்பட்டா. விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அவர்களே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

"தம்பி, அதோ அந்தச் செடிக்குக் கீழ ஒண்ணு!"

"அது மாடு, அக்கா" என்றார் இன்னொரு அம்மா.

"மாடுன்னா என்ன, பிள்ளை பரீட்சை எழுதணும், சேர்த்துக்கோ."

கடைசியில் பதின்மூன்று வந்தது. பெரியப்பா கலங்கிப்போய், "பதிமூணு பார்த்தா என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். "மூக்குக் கண்ணாடி" என்றார் அப்பா. அத்தனை பேரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்காமல், "எனக்கு ஒண்ணுகூடத் தெரியலப்பா. மலைதான் தெரியுது" என்றார்.

பெரியப்பா படகின் பலகையில் உட்கார்ந்துவிட்டார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எனக்கே மூணுதான் தெரியுது, சகலை. வந்த நாளா மூணுதான். நானே பார்க்காததை இவனை எப்படிப் பாருன்னு சொல்றது" என்றார். அவர் அப்படித் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. அப்புறம் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து, "நீ இங்கயே பொறந்தவளாச்சே. உனக்கு எத்தனைம்மா தெரியுது?" என்றார்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்த மலையைப் பார்ப்பது துணி காயுமா காயாதா என்று தெரிந்துகொள்ளத்தான். பின்னால் தாங் மாமா திட்டிக்கொண்டிருந்தார். எப்படியாவது இது முடிந்தால் போதும் என்று, "ஒன்பது" என்றேன். சொல்லிவிட்டால் காட்ட வேண்டாமா? காட்டினேன். கழுத்து நனைந்து நிற்பது ஒன்று. அது மேலே ஏறிப்போகப் பார்க்கிறது, அதன் குட்டி வரமாட்டேன் என்கிறது, அதுதான் இரண்டு. குட்டிக்குப் பின்னால் ஒரு கிழட்டுக் குதிரை அவசரமே இல்லாமல் வருகிறது... சத்தியமாகப் பெரியம்மா, கையை நீட்டிய இடத்தில் இருந்த கறையை வைத்து, வாய்க்கு வந்தபடி கட்டிக்கொண்டே போனேன். நடுவில் நிறுத்திப் பார்த்தால் ஆற்றில் ஒரு சத்தம் இல்லை. தியான்ஜின் அம்மாக்கள் துப்பட்டாவை வீசாமல் என் விரல் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவதைக் காட்டியதும் பெரியப்பா எழுந்து நின்று, "தெரியுது! எல்லாம் தெரியுது! சகலை, அந்தக் கிழட்டுக் குதிரை அப்படியே எங்க தலைமையாசிரியர்!" என்று கூவினார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் என் காதில், "அடிப்பாவி" என்றார்.

அதோடு விட்டாரா? கரை இறங்கியதும், "என் சர்வீஸ்ல இப்படிச் சொல்லிக்குடுத்து நான் பார்த்ததில்ல. இவ டீச்சர் ஆகணும். இவளைக் கூட்டிட்டுப் போறேன்" என்று அம்மாவிடம் அறிவித்துவிட்டார். நான் டீச்சர்! எழுந்து நின்று பாடத்தை வாசி என்று சொன்னதற்கு மணி அடிக்கும் வரைக்கும் வாசிக்காமல் நின்றவள். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகாமல் விரிப்பு துவைக்கிறவள். விரிப்புகள் கேள்வி கேட்பதில்லை, அதனால் எங்களுக்குள் இதுவரை ஒரு மனஸ்தாபமும் இல்லை. அம்மா என்னடாவென்றால் நெற்றியைச் சுருக்கிவிட்டு, "அவளுக்கு விருப்பமான்னு கேளுங்க" என்றார். பெரியப்பா கேட்டார். நான் "ம்" என்றேன். நான் எல்லாவற்றுக்கும் "ம்" என்றுதான் சொல்லுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அது சம்மதம் இல்லை, மூச்சு.

அண்ணனும் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டார். முதல் நாளே ஒன்பதும் தெரிந்தது, பரீட்சை எழுதப் பிடிக்கவில்லை, படகு ஓட்டத்தான் ஆசை என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னார். பெரியப்பா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த ஒரு தடவை எழுதிட்டு அப்புறம் என்ன வேணா பண்ணு" என்றார். அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். எனவே நாளைக்கு ரயிலில் வருவது அவர்கள் இருவர் மட்டுமே. உங்கள் மகனை நீங்கள் பெற்றுக்கொள்ளுங்கள், என் பெயரை எட்டாம் வகுப்பிலிருந்து அடித்துவிடச் சொல்லுங்கள், இனி எந்த விடுமுறைக்கும் பெரியப்பாவை மலை உள்ள திசையில் அனுப்பாதீர்கள். இது என் உறுதியான முடிவு.

தங்கள் மூட்டுவலி குறையவும், பக்கத்து வீடுகளில் யாரும் எதிலும் முதலிடம் வாங்காமல் உங்கள் வீடு அமைதியாக இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்த மகள்,
மோ சுன்யான்.

பி.கு.: இதைத் தபாலில் போட நேரம் இல்லாததால் நேரில் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறேன். கதவு பூட்டியிருக்கிறது. பெரியப்பா உங்களைத் தேடிச் சந்தைக்குப் போயிருக்கிறார், விசில் சத்தம் உங்களுக்கே கேட்டிருக்கும். கைவென் அண்ணன் ரயில் கிளம்புவதற்கு முன் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார். அப்பா போன் செய்து, அதற்குள் அண்ணன் அங்கே இரண்டு தடவை படகு எடுத்துவிட்டார் என்றார். பெரியப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை இதைப் பற்றி அவரிடம் பேச வேண்டாம். நான் ஏன் வந்தேன் என்றும் கேட்க வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை அத்தனை படகுகள் நின்றன பெரியம்மா, அது இன்னொரு தடவை நடக்குமா என்று பார்க்கத்தான். இப்போது மாடியிலிருந்து இறங்கிவந்த ஒரு அம்மா, "யாரும்மா நீ, எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டார். "எட்டாவது" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, மூன்று வீட்டுக் கதவுகள் திறந்தன. சீக்கிரம் வாருங்கள். அண்ணனுக்கு என்று ஏதாவது சமைத்து வைத்திருந்தால் அது எனக்கு.