ஒரு வருடக் காய்ச்சல்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் மேலே தொடர்கிறேன். எனக்குக் காய்ச்சல் என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் அது பழைய காய்ச்சல். விட்டுவிட்டது. உங்கள் ஊரில் மட்டும் இன்னும் விடவில்லை. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

வீட்டு மெயிலுக்கு எழுதினால் அவள் படித்துவிடுவாள், ஆகவே உங்கள் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புகிறேன். வாயாலேயே சொல்லலாம் என்று எப்போது கூப்பிட்டாலும் "மாமா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறீர்கள். வருத்தமில்லை. ஃபோனில் ஒற்றை விரலால் தட்டுகிறேன். எழுத்துப் பிழைகளை விரலின் கணக்கில் எழுதிக்கொள்ளவும்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியார் போன பிறகு உங்கள் மனைவி ஒருநாள் அதட்டினாள். "ஃபோன்ல எதைக் கேட்டாலும் நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன். என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதியாவது போடுங்க." அப்படித் தொடங்கியதுதான் 'தனி ஆள் அடுப்பு' என்ற என் வெப்சைட். முதல் பக்கத்தில் அன்றன்றைக்கு ஒரு படம், அதன் கீழே நாலு வரி. அடிபிடித்த சோறு. வெளியே கருகி உள்ளே வேகாத உருளைக்கிழங்கு. வெள்ளை ஓரமும் கறுப்பு நடுவுமாக ஒரு முட்டை. இதைப் பார்க்க முன்பின் தெரியாதவர்கள்கூட வந்தார்கள். அடுத்தவர் வீட்டில் கருகினால் மனிதர்களுக்கு ஏதோ ஒரு நிம்மதி போலிருக்கிறது.

வெப்சைட் இருந்தது இங்கே என் வீட்டில், என் மகளின் பழைய அறையில். அவள் கட்டிலின் மேல், அவள் படிக்கும்போது வைத்திருந்த கம்ப்யூட்டருக்குள். உலகத்தில் எங்கிருந்து யார் பக்கத்தைத் திறந்தாலும் அதன் முகத்தில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டும். உள்ளே எதுவோ தொண்டையைச் செருமிக்கொள்ளும். ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். நான் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். சாயங்காலம் டீ போடும் நேரத்தில் விளக்கு விடாமல் சிமிட்டினால் அது அவள். உங்கள் ஊரில் அப்போதுதான் விடிந்திருக்கும். படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றுவது என் வழக்கம். ஆகவே அவளுக்குப் பக்கம் திறக்க வெகுநேரமாகும். அவ்வளவு நேரமும் விளக்கு சிமிட்டும். நான் டீ குடித்து முடிக்கும்வரை அவள் இருப்பாள்.

இது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்பா, உங்க முட்டை வந்து சேர்றதுக்குள்ள நான் கிளினிக்குக்கே கிளம்பிடறேன்" என்று அவள் சொன்னதும், நீங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையே வீடியோவில் வந்து உட்கார்ந்து எனக்கு சிடிஎன் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தீர்கள். அந்த உதவியை மறக்கமாட்டேன். "ஊருக்கு ஊர் உங்க பக்கத்தோட நகல் ஒன்னு இருக்கும், மாமா. யார் கேட்டாலும் பக்கத்து ஊர் நகலே பதில் சொல்லிடும். அதுக்கப்புறம் உங்க கம்ப்யூட்டரை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. யாரும் உங்க வீடு வரைக்கும் வரவே தேவையில்ல" என்றீர்கள். நான் நன்றி சொன்னேன். வெப்சைட்டின் பெயரைத் தட்டினால் என் கம்ப்யூட்டருக்கு வராமல் சிடிஎன்காரர்களிடம் போகும்படி மாற்றினோம். நீங்கள் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். கடைசியில் ஒரு கேள்வி வந்தது: நகலை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? அந்த நேரம் பார்த்து உங்களுக்கு வேறு யாரோ ஃபோன் செய்தார்கள். நானே பார்த்துக்கொண்டேன். ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு வாரம், ஒரு வருடம் என்று இருந்தது. ஃபிரிட்ஜ் வாங்கும்போதும் மின்விசிறி வாங்கும்போதும் உத்தரவாதம் எதற்கு அதிகமோ அதைத்தான் வாங்குவேன். ஒரு வருடம் என்பதை அழுத்தினேன். இலவசம் வேறு.

அன்றைக்குச் சாயங்காலம் டீ போட்டேன். விளக்கு சிமிட்டவில்லை.

கம்ப்யூட்டர் நின்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. ஃபோனில் பார்த்தால், நாலு ஊரில் ஆட்கள் என் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சிடிஎன்காரர்கள் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் தெருமுனையிலேயே என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள், மாப்பிள்ளை. நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் எனக்கு நிஜமாகவே காய்ச்சல். முதல் பக்கத்தில் "காய்ச்சல். அடுப்பு பற்றவைக்கவில்லை" என்று எழுதினேன். அதற்கடுத்த நாள் எழுந்து உட்கார்ந்து, ரொட்டியைக் கருக்கி, படமெடுத்துப் போட்டேன். இங்கே அவள் அறைக் கம்ப்யூட்டரிலேயே பார்த்தால் ரொட்டி தெரிந்தது. வெளியே தெரியவில்லை. எந்த ஊரில் யார் எந்த நாள் பக்கத்தை முதலில் கேட்டார்களோ, அந்த நாளை அந்த ஊர் பிடித்துவைத்துக்கொண்டது. ஓர் ஊரில் எனக்கு என்றென்றும் உருளைக்கிழங்கு. இன்னோர் ஊரில் முட்டை. "ஐயா, தினமும் அதே முட்டையா? கொழுப்புக்கு ஆகாது, கொஞ்சம் கீரையும் சேருங்கள்" என்று முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். உங்கள் ஊரில் முதலில் கேட்டவள் உங்கள் மனைவி. கேட்டது காய்ச்சல் அன்று.

கீழ்க்கடைத் தையல்காரர் என் பேண்ட்டைத் தைத்து எடுத்துக்கொண்டு மேலே வந்தார். கையில் ஃபோன்.

"என்ன சார், இன்னிக்கும் முட்டையா?"

"அது பழசுங்க. நகல். ஒரு வருஷத்துக்கு அப்படியேதான் இருக்கும்."

"நீங்க ஒன்னும் எழுதலேன்னாலும்?"

"எழுதலேன்னாலும்."

"அட! அப்ப நாளைக்கு நீங்களே போய்ச் சேர்ந்தாலும் ஒரு வருஷத்துக்கு ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு சொல்லுங்க!"

சிரித்தார். நானும் சிரித்தேன். இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். பிறகு அவர் பேண்ட்டின் இடுப்பளவைப் பற்றித் தேவைக்கு மேல் பேசினார். இளைத்துவிட்டேனாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறவள், இப்போது தினமும் கூப்பிடுகிறாள்.

"எப்படிப்பா இருக்கு?"

"அன்னிக்கே விட்டுடுச்சும்மா."

"அப்புறம் ஏன் இன்னும் காய்ச்சல்னே போட்டிருக்கு?"

"மாத்திட்டேம்மா. நீ பார்க்கிறது நகல். உன் வீட்டுக்காரர் ஊருக்கு ஊர்..."

"டாக்டர்கிட்ட கதை விடாதீங்க. ஃபோன்ல நீங்க எப்பவும் பொய்தான் சொல்வீங்க. எழுத்துலதான் உண்மை வரும்."

பல் டாக்டர்தானேம்மா என்றேன். அது அவளுக்குச் சிரிப்பாக இல்லை. பேசும்போது பின்னால் யாரோ வாயைத் திறந்தபடி முனகுவது கேட்கிறது. அந்த மனிதரின் பல் என்ன பாவம் செய்தது? நேற்று, "லீவு கேட்டிருக்கேன். நேர்ல பார்த்தாதான் நம்புவேன்" என்றாள். புதுக் கிளினிக். சேர்ந்த புதிதில் லீவு கேட்டால் என்ன நினைப்பார்கள்? இல்லாத காய்ச்சலுக்காக ஒரு பெண் அத்தனை தூரம் பறந்து வருவதா?

ஆகவே தாங்கள் தயவுசெய்து, இதைப் படித்த உடனே, அந்த எல்லா நகல்களையும் அழித்துவிட வேண்டும். அழிக்கும் பொத்தான் எனக்கும் தெரிகிறது. "சிவப்பை மட்டும் தொட்டுடாதீங்க, மாமா" என்று நீங்கள் சொன்னதால் தொடவில்லை. அப்படியே சிடிஎன்னையும் எடுத்துவிடுங்கள். பக்கம் மெதுவாகவே திறக்கட்டும். அவசரக்காரர்கள் போகட்டும். மெதுவாக வருகிறவர்கள் என் வீடு வரைக்கும் வரட்டும். அவள் வருகிறாளா இல்லையா என்பது எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பேச வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு விளக்கு போதும்.

வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவர் பேச ஒருவர் கேட்க நேரம் வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

தங்கள் அன்புள்ள
மாமனார்

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். அனுப்பப் போகும் நேரத்தில் அவள் கூப்பிட்டாள். லீவு கிடைத்துவிட்டதாம், சனிக்கிழமை வருகிறாளாம். "இப்போ எப்படிப்பா இருக்கு, உண்மையைச் சொல்லுங்க" என்றாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. முதல் இருமல் தானாக வந்தது.

கட்டில் வேண்டுமே என்று கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி, தூக்கிக் கூடத்து மூலையில் வைத்துவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். கீழே போய்த் தையல்காரரை அவர் ஃபோனில் பார்க்கச் சொன்னேன். பக்கம் பளிச்சென்று திறக்கிறது, முட்டை முட்டையாகவே இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அருமையான ஏற்பாடு, மாப்பிள்ளை. நீங்கள் மீட்டிங்கிலேயே இருங்கள். சனிக்கிழமை வரைக்கும் எதையும் தொட்டுவிடாதீர்கள்.