விட்டத்துக்குப் பத்தில் ஒன்பது

மேலிடம் ஒரு காரியத்தைச் செய்ய முடிவெடுத்தால் முதலில் அதற்குப் பெயர் வைக்கும். 1958-ஆம் வருஷம் ஆனி மாதம் குளத்தூர்ப் பக்கத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்த சுற்றறிக்கையின் பெயர் 'பல்வகை எழுத்துவழி மொழிப் பயிற்சித் திட்டம்'. பிள்ளைகள் பாட்டும் கதையும் மட்டுமே படித்துக் கெட்டுப்போகிறார்களாம். ஆகவே மூன்றாம் வகுப்பு முதற்கொண்டு கடிதம், நோட்டீஸ், விளம்பரம், மனு, தந்தி ஆகியவற்றை வாழ்க்கையிலிருந்தே எடுத்துக் கற்பிக்க வேண்டியது. கற்பித்ததற்கு மாதிரி அனுப்ப வேண்டியது. அனுப்பியதற்கு மூன்று நகல் வைத்துக்கொள்ள வேண்டியது.

ஆவாரங்குடிப்பட்டிப் பள்ளியின் ஒரே ஆசிரியை பிரகதாம்பாள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது காகிதத்தின்மேல் செம்மண் பொடியாக உதிர்ந்தது. கரையான். கூரையைத் தாங்கும் விட்டத்தை அது தின்னத் தொடங்கி மூன்று வருஷம். அவளும் மூன்று வருஷமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கரையானுக்கு இருந்த சுறுசுறுப்பு மேலிடத்துக்கு இல்லை. ஐப்பசி மழையில் ஓடு நனைந்து கனத்தால் விட்டம் தாங்காது. கீழே முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.

வாழ்க்கையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள்.

"இன்னைக்கு மனு எழுதுவோம். நமக்கு என்ன வேணும்?"

"லீவு, டீச்சர்!" என்றது பின்வரிசை.

மூன்றாம் வகுப்புச் செவந்தி எழுந்தாள். "புது விட்டம், டீச்சர். பழசு என் தலைக்கு நேரா இருக்கு."

அவளே எழுதினாள்: 'ஐயா, எங்கள் பள்ளி விட்டத்தைக் கரையான் தின்கிறது. மழை வந்தால் விழும். நாங்கள் கீழே இருக்கிறோம். விழுவதற்கு முன்னால் வரவும்.'

பிரகதாம்பாளுக்கு ஓர் எழுத்தையும் திருத்த மனம் வரவில்லை. 'மேன்மை தங்கிய' என்று தொடங்கி அவள் அனுப்பிய மனுக்களில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. விஷயம் இருந்தது.

ஆவணியில் டெபுடி இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் பார்வையிட வந்தார்.

"சார், இங்கிட்டு ஒக்காருங்க. அங்க விட்டம் சரியில்ல."

"இருக்கட்டும்மா." மனுவை வாசித்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அடடா! 'நாங்கள் கீழே இருக்கிறோம்.' எனக்கே குலை நடுங்கிருச்சு."

"நடுங்க வேண்டியதுதான் சார். மேல பாருங்க."

பார்த்தார். "பேஷ்! பாடத்துக்கு வேண்டிய உபகரணத்த வகுப்புலயே வச்சிருக்கீங்க. வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இது தோணலயே!"

"சார், இது பாடம் இல்ல. நெஜ மனு."

"அப்படித்தாம்மா இருக்கணும். நெஜம் மாதிரியே இருக்கணும்னுதானே சுற்றறிக்கை."

சிவப்பு மசியில் எழுதினார்: 'பத்துக்கு ஒன்பது. பெறுநர் முகவரி இல்லாததால் ஒன்று குறைக்கப்பட்டது.'

செவந்தியின் மனு மாதிரி மனுவாக அச்சாகித் தாலுகா முழுக்கப் போயிற்று. புரட்டாசிக்குள் எல்லாப் பள்ளிகளிலிருந்தும் அதே மனு இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குத் திரும்பி வந்தது. கூரையே இல்லாமல் புளியமரத்தடியில் நடந்த பள்ளிக்கூடம்கூட, விட்டத்தைக் கரையான் தின்பதாக மனமுருகி எழுதியிருந்தது. பிரகதாம்பாளுக்கு 'சிறந்த மொழி ஆசிரியை' என்று ஒரு நற்சான்று வந்தது. ஆணியடித்தால் சுவர் உதிரும் என்று அதைத் தன் நாற்காலியடியில் இருந்த பெட்டிக்குள் வைத்தாள். ஆனாலும் தினம் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு பஸ் ஏறி ஆபீசுக்கே போனாள். குமாஸ்தா ரெங்கராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்களோடது நெஜமான விட்டமாம்மா?"

"ஆமாங்க."

"அப்ப நெஜம்னு ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மாதிரி மனுக்களின் கட்டின்மேல் வைத்தார்.

"அதுல ஏங்க வக்கிறீங்க?"

"மனு எல்லாம் அதுலதாம்மா."

ஐப்பசி பிறந்து மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள், சிறந்த ஆசிரியையின் வகுப்பைப் பார்த்துக் கற்க ஆறு ஊர் ஆசிரியர்கள் நோட்டும் குடையுமாக வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். அன்றைய பாடம் நோட்டீஸ். பிரகதாம்பாள் நல்ல சேலை கட்டியிருந்தாள்.

செவந்தி எழுந்தாள். "டீச்சர், விட்டம் விழுகப் போகுது."

ஆறு பேனாக்கள் ஓடின. பிரகதாம்பாளுக்குப் பெருமை தாளவில்லை. "நல்லது. ஆனா நோட்டீஸ்னா தேதி, நேரம், இடம் வரணும்ல? முழுசாச் சொல்லு."

செவந்தி வாசலுக்கு ஓடி, தொங்கிய தண்டவாளத் துண்டில் வீட்டுக்குப் போகும் மணியை அடித்தாள். அந்த மணியைக் கேட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் வெளியே பாய்ந்தார்கள். இதென்ன ஒழுங்கீனம் என்று கண்டிக்கப் பெரியவர்கள் பின்னாலேயே வந்தார்கள். வந்ததால் பிழைத்தார்கள். விட்டம் ஆசிரியையின் நாற்காலிமேல் இறங்கியது. நற்சான்று இருந்த பெட்டியும் அதோடு போயிற்று.

மழையோடு தபாலாபீசுக்கு நடந்து பிரகதாம்பாள் தந்தி கொடுத்தாள்: 'விட்டம் விழுந்தது. உடனே வரவும்.'

பதில் எட்டாம் நாள் கோயில் மண்டபத்துக்கு வந்தது. பள்ளிக்கூடம் அப்போது அங்கேதான் நடந்தது. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாள்:

'மாதிரித் தந்தி கிடைத்தது. "உடனே" என்பது தேவையற்ற சொல். பத்துக்கு எட்டு.'

"இது என்ன வகை, டீச்சர்?" என்றாள் செவந்தி.

பிரகதாம்பாள் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தாள். தலைக்கு நேரே விட்டம் முறிகிறபோது இதனிடம் தேதி கேட்டது மேலிடம் இல்லை. பதிலை எல்லாருக்கும் தெரிகிறாற்போலத் தூணில் சாய்த்து வைத்தாள்.

"எல்லாரும் நகல் எடுங்க," என்றாள். "மூணு."